ஆடைத்தொழிற் கல்வியும் எம் இளைஞரும்

உடுக்கும் பொருளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் துணி, துண்டு, அறுவை என்பன துணித்தல், துண்டித்தல், அறுத்தல் என்னும் வினைகளோடு உறவுடையன. தறியிலே நீளும் நெசவை வேண்டிய அளவுக்கு அறுத்தெடுத்தமையால் அப்பெயர்கள் எழுந்தன என்பர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் சங்கப் புலவருள் ஒருவர். அறுவை வாணிகன் எனின் புடைவை வணிகன் என்பது பொருள். அவருடைய பாடல்களைத் தொகை நூல்களிற் சேர்த்த சான்றோர் அவர்தம் தொழிலை மறைத்தாரல்லர். பெயரோடு இணைத்தே எழுதிவைத்தனர். புலமைக்கும் தொழிலுக்கும் இடையே மதில் எழுப்பும் வழக்கம் அப்பெரியோரிடம் இருந்ததில்லை போலும்.

அம்மதில் இன்று எம்மிடையே உயர்ந்து நிற்கின்றது. உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளையை நோக்கி, வைத்தியராகுக, எந்திரியாகுக என்கின்றோம். அவை கைகூடாவிடின் கலைப்பிரிவிலே மூன்று பாடங்களைப் படித்து, யாதேனும் ஒரு பட்டம் பெற்று, அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்குமாறு அறிவுரை கூறுகின்றோம். படியாத பிள்ளையைக் கடிந்துகொள்ளும்போது மட்டும், “படிக்காவிட்டால் கார்மென்றுக்குத்தான் போகவேண்டும்” என்கின்றோம். நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதிக் கைத்தொழில் ஒன்று எமது வீடுகளிலே பிள்ளைகளை அச்சுறுத்தும் சொல்லாக வழங்குவது விந்தையன்றோ? இவ்விந்தையைப் பற்றிச் சில கூற இவ்வியூபிலி மலரை வாய்ப்பாகக் கொள்கின்றோம்.

முதற்கண் இக்கைத்தொழிலின் நிலையை நோக்குவோம். 1977ஆம் ஆண்டிற் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டு, 1978இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த பின்னரே இலங்கையில் ஆடை ஏற்றுமதி பெருகத் தொடங்கிற்று. 1974 முதல் 2004 வரை நிலவிய பன்னாட்டு இழைநார் உடன்படிக்கை பெரிய உற்பத்தி நாடுகளுக்கு ஏற்றுமதி வரம்பு விதித்திருந்தது. அதனால் வாங்குவோர் சிறிய நாடுகளையும் தேடி வந்தனர். 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, தலைநகரை அண்டியிருந்த தையல் இயந்திரங்கள் கிராமப் புறங்களுக்கும் பெயர்ந்தன. வரம்புகள் நீங்கியதும் இத்தொழில் வீழும் என அஞ்சியோர் பலர். ஆயினும் அது வீழவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி அமெரிக்க தொலர் அளவிலான ஆடைகள் இன்று இந்நாட்டிலிருந்து கப்பலேறுகின்றன. இலட்சக்கணக்கானோர் இதனால் உண்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

எமது பகுதிக்கும் இது புறம்பானதன்று. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் காத்தான்குடி நெசவும் எம் முன்னோர் அறிந்தவை. போர் ஓய்ந்தபின் மட்டக்களப்பு மாவட்டத்திற் புணாணை முதலிய இடங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஏறாவூர்ப் புன்னைக்குடாவிலே துணி உற்பத்திக்கென வலயம் ஒன்றும் 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, “இத்தொழில் எமக்கு வேண்டுமா, வேண்டாவா?” என்னும் வினா காலங்கடந்தது. எம் பிள்ளைகள் எந்தப் படியில் நின்று அதனுள் நுழையப் போகின்றனர் என்பதே இன்றைய வினா.

உன்னிச்சையை எடுத்துக்கொள்வோம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தே அமைந்த ஊர் அது. அதன் குளத்து நீரே வயல்களை விளைவிக்கின்றது; அந்நீரே சுத்திகரிக்கப்பெற்று எழுவான்கரையிலுள்ள நகரத்தாரின் தாகத்தையும் தீர்க்கின்றது. மழை மிகுந்த காலத்தில் வான்கதவுகள் திறக்கப்படும்போது நாடு முழுவதும் அவ்வூர்ப் பெயரைச் செய்தியிற் கேட்கின்றது. நீர் வெளியே செல்கின்றது. நெல் வெளியே செல்கின்றது. போரினாற் பன்முறை இடம்பெயர்ந்து மீண்ட அம்மண்ணின் பிள்ளைகளும் பிழைப்புத் தேடி வெளியே செல்கின்றனர். சிலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்வர். சிலர் வைகறையில் வரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவர். அவ்வாறு ஏறும் எம் பிள்ளை பெரும்பாலும் இயந்திரத்தின் முன் அமரும் தொழிலாளியாகவே செல்கின்றாள். அவளுடைய வேலையை அளப்பவரும், வரிசையை வகுப்பவரும், தரத்தைத் தீர்ப்பவரும், விலையைக் கணக்கிடுபவரும் அடிக்கடி வேற்றூரிலிருந்து வந்தவராக இருக்கின்றனர். அவர்களை நாம் குறைகூறோம், அவர்கள் கற்றவர்கள். எம்மவர் கற்கவில்லை என்பதே எமது கவலை.

அவர்கள் கற்றது யாது? ஆடை உற்பத்தியும் முகாமையும் என்னும் கல்வியைத் தையல் வகுப்பு என எண்ணுவோர் உளர். தையல் அதன் ஒரு கூறு மட்டுமே. முதற்படியிற் பயிலும் மாணவர் பருத்தி, கம்பளி, பட்டு, செயற்கை நார் ஆகியவற்றின் இயல்பை அறிகின்றனர். நூல் எவ்வாறு முறுக்கப்படுகின்றது, நெய்த துணியும் பின்னிய துணியும் எவ்வாறு வேறுபடுகின்றன, சாயம் ஏன் பற்றுகின்றது, ஏன் கழல்கின்றது என்பவற்றைக் கற்கின்றனர். அதன்பின் உடலளவு கொண்டு வெட்டுருவம் வரைதல், துணியை அடுக்கடுக்காக விரித்தல், வெட்டுதல், தைத்தல், அழுத்துதல், பொதிசெய்தல் என்று வரிசைப்படப் பயில்கின்றனர். இவற்றோடு வேலையாய்வு, தரக்கட்டுப்பாடு, விலைக்கணிப்பு, தொழிற்சட்டம், பாதுகாப்பு என்பனவும் சேர்ந்தே அக்கல்வி நிறைவெய்துகின்றது.

இதன் பயனை ஓர் எளிய கணக்கினால் விளக்குவோம். ஒரு சட்டையை முழுதும் தைக்க 20 நிமிட வேலை உண்டு எனக் கொள்க. 30 பேர் ஒரு வரிசையில் அமர்ந்து நாளொன்றுக்கு 480 நிமிடம் உழைப்பின் அவர்தம் உழைப்பு 14,400 நிமிடமாகும். அதனை 20ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 720 சட்டைகள் வரவேண்டும். ஆனாற் கழுத்துப்பட்டி பொருத்தும் வேலைக்கு ஒருத்தியே இருக்கின்றாள். சட்டை ஒன்றுக்கு அவளுக்கு 1.2 நிமிடம் செல்கின்றது என்க. அப்பொழுது 400 சட்டைக்கு மேல் அவ்வரிசையிலிருந்து வெளிவரமாட்டா. ஏனைய 29 பேரும் எத்துணை விரைந்தாலும் பயனில்லை. அறியாத மேற்பார்வையாளன் எல்லோரையும் அதட்டுவான். அறிந்தவனோ, வேலை குறைந்த ஓரிடத்திலிருந்து ஒருத்தியை எடுத்துக் கழுத்துப்பட்டிக்கு இரண்டாமவளாக அமர்த்துவான். முன்னவன் செய்வது அதிகாரம். பின்னவன் செய்வது முகாமை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வகுப்பறையிற் கற்பிக்கத்தக்கது.

இன்னொன்று. 10,000 சட்டைகளுக்கு, ஒன்றுக்கு ஒன்றரை மீற்றர் வீதம், 15,000 மீற்றர் துணி வேண்டும். வெட்டுருவங்களைத் துணியின்மேல் அடுக்கும்போது இடைவெளிகளை நெருக்கி நூற்றுக்கு இரண்டு வீதம் மிச்சப்படுத்தினால் 300 மீற்றர் கிடைக்கும். அது 200 சட்டைகளுக்குரிய துணியாகும். ஆடையின் ஆக்கச் செலவிலே பெரும்பங்கு துணிக்கே செல்வதனால், இவ்விரண்டு வீதம் ஒரு தொழிற்சாலையின் இலாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கும் கோடாகவும் அமையலாம். கேத்திரகணிதம் எதற்குப் பயன்படும் என்று வினவும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த விடை யாதுளது?

முகாமை என்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என எம்மவர் அஞ்சவேண்டுவதில்லை. எமது வயல்வெளியில் வட்டைவிதானை செய்த பணி யாது? எந்த வாய்க்காலில் எப்பொழுது நீர் திறப்பது, தலைமடையிலிருப்பவர் மிகுதியாகக் கொள்ளாது கடைமடைக்கும் எவ்வாறு சேர்ப்பது, எவர் விதைப்பு முந்துவது, எவர் பிந்துவது என்பனவற்றை வகுத்தமையன்றோ? நீர் ஓரிடத்திற் தேங்கினால் மற்றோரிடம் காயும். வேலை ஓரிடத்திற் தேங்கினாலும் அவ்வாறே. வட்டையை ஆண்ட கண் தையல் வரிசையையும் ஆளும். முன்னையது வழிவழி வந்த அறிவு. பின்னையது எழுதிக் கணித்துப் பெறும் அறிவு. இவ்வளவே வேற்றுமை.

பயிற்சி ஒரு நாட்டையே மாற்றியமைக்கும் என்பதற்கு வங்காளதேசம் சான்று. 1979இல் அங்குத் தேஷ் என்னும் ஆடை நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு முன்னர்ச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஏறத்தாழ 130 பேரைப் புசான் நகரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பிற்று. அவர்கள் இயந்திரத்தை இயக்க மட்டும் கற்றாரல்லர்; உற்பத்தியை வகுத்தல், தரம் காத்தல், வாங்குவோரோடு வணிகம் செய்தல் என்பவற்றையும் கற்றனர். பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கித் தாமே தொழிற்சாலைகளை நிறுவினர். அன்றேற் பிறர் நிறுவியவற்றை நடத்தினர். இன்று ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக வங்காளதேசம் விளங்குவதற்கு அச்சிறு கூட்டத்தின் கல்வியும் ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டுத் திருப்பூரை நோக்குக. கிணற்று நீரை நம்பி வாழ்ந்த உழவர் குடும்பத்திற் பிறந்தோர் பலர் பனியன் தொழிற்சாலைகளிலே தொழிலாளராகத் தொடங்கி, வேலையின் ஒவ்வொரு கூற்றையும் கற்று, காலப்போக்கில் உரிமையாளராயினர். மண்ணை உழுத கை துணியையும் ஆளவல்லது என அவர்கள் காட்டினர். படுவான்கரை உழவனின் மக்களுக்கு அஃது ஏன் இயலாது?

இனி, வழிகள் எவை என்று மாணவர் வினவலாம். க. பொ. த. சாதாரண தரத்தின் பின், 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களுள் நெசவும் ஆடையும் பற்றிய பாடமும் ஒன்றாக வகுக்கப்பெற்றுள்ளது. தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளை உடையது. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. கீழ்ப்படியில் நுழைந்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டுவதில்லை என்பதே இவ்வேணியின் சிறப்பு. இரத்மலானையிலுள்ள இலங்கைப் புடைவை ஆடை நிறுவகம் இத்துறைக்கெனவே அமைந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு இன்றைய வடிவத்தை அளித்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் புடைவை, ஆடை எந்திரவியற் பட்டமும், அதன் தொழினுட்ப நிறுவகத்திற் தேசிய டிப்ளோமாவும் உண்டு. 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் ஆடை உற்பத்தியையும் முகாமையையும் சிறப்புத் துறையாகக் கொண்டு கைத்தொழிற் கற்கைகளில் இளமாணிப் பட்டம் அளிக்கின்றது. அப்பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று மட்டக்களப்பிலும் உளது. தொழில் புரிந்துகொண்டே கற்கும் வாய்ப்பை அது தருவதனால், பேருந்தில் ஏறிச் செல்லும் எம் பெண்ணுக்கும் பட்டத்தின் வாயில் அடைபட்டதன்று.

எமது கருத்துக்கு மறுப்பும் உண்டு என்பதை அறிவோம். அவற்றை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

“இத்தொழிலிற் கூலி குறைவு, உழைப்பு மிகுதி, பெண்ணுக்கு மதிப்பில்லை” என்பர். இதில் உண்மை உண்டு. தையல் இயந்திரத்தின் வணிகப் பெயராகிய ஜூக்கி என்பதையே பெண்ணுக்கு அடைமொழியாக்கி இகழ்ந்த நாடு இது. ஆனால் அவ்விகழ்ச்சி தொழிலின் குற்றமா, எமது நாவின் குற்றமா? அவள் அனுப்பும் பணத்திற் படித்த தம்பி பட்டம் பெற்றபின் அவளுடைய வேலையைச் சொல்லக் கூசுகின்றான். கூலி குறைவு என்பதும் இயந்திரத்தின் முன்னமரும் படிக்கே பெரிதும் பொருந்தும். ஏணியின் அடிப்படி தாழ்ந்தது என்றால், மேற்படிக்கு ஏறும் கல்வியைத் தருவதே மருந்து, ஏணியைப் பழிப்பதன்று.

“அயல்நாட்டார் வாங்கினால் வாழ்வு, வாங்காவிட்டால் வீழ்வு, இத்தகைய தொழிலை நம்பலாமா?” என்பர் வேறு சிலர். இதுவும் ஆராயத்தக்கதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ. எஸ். பீ. பிளஸ் வரிச்சலுகை 2010இல் இடைநிறுத்தப்பட்டு 2017இலேயே மீண்டது. 2025 ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு நூற்றுக்கு 44 வீதம் மேலதிக வரி விதிப்பதாக அறிவித்தபோது தொழிற்சாலைகள் கலங்கின. அது ஓகஸ்டில் 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய புயல்களில் முதலில் வேலை இழப்பவர் யார்? ஒரே தையலை மட்டும் அறிந்தவர். விலையைக் கணிக்கவும் தரத்தை அறியவும் வரிசையை வகுக்கவும் வல்லவர் வேறொரு தொழிற்சாலைக்கும், வேறொரு கைத்தொழிலுக்கும், தம் சொந்த முயற்சிக்கும் அவ்வறிவை எடுத்துச் செல்வர். தொழில் நிலையற்றது என்பது கல்வியைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது. கல்வியை ஆழமாக்குவதற்கே காரணமாகும்.

மூன்றாவதொன்றை நாமே சேர்ப்போம். 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் நியூயோர்க் நகரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையிற் தீப்பற்றியபோது 146 பேர் மாண்டனர். வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100இற்கு மேற்பட்டோர் மடிந்தனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும், மறுநாட் காலையில் அவர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினர். தையலிற் பிழை நேர்ந்து அவர்கள் இறந்தாரல்லர். முகாமையிற் பிழை நேர்ந்து இறந்தனர். தொழிலாளியின் துயரை அறிந்த ஊரிற் பிறந்தவரே கற்று மேற்பார்வையாளராக வரவேண்டும் என நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கதவு பூட்டியிருக்கின்றது என்று சொல்லும் அறிவும் துணிவும் அவரிடம் இருத்தல் வேண்டும்.

எம் பிள்ளைகளைத் தடுப்பவை யாவை? ஒன்று ஆங்கிலம். உயர்படியிலுள்ள பாடநெறிகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே நிகழ்கின்றன. இரண்டாவது கணிதம், அதைக் கண்டு கலைப்பிரிவுக்கு ஓடிய பிள்ளை இங்கே அதனை மீண்டும் சந்திக்கின்றது. மூன்றாவது தூரம். இரத்மலானையும் மொறட்டுவையும் உன்னிச்சைக்கு அண்மையில் இல்லை. அங்கே தங்கிக் கற்கும் செலவைக் கமக்காரனின் மகளால் எளிதிற் தாங்க இயலாது. நான்காவது எமது மனப்பான்மை. அதனை முன்னரே கூறினோம்.

தமிழ் கற்பிக்கும் எமக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. தொழிற்சாலையிற் பணிபுரியும் எம் பெண்கள் லைன், மாக்கர், பற்றன், ராகற் என்று சொற்களை ஒலியளவிலே அறிகின்றனர். அவற்றின் பொருளைத் தெளிய அறியார். பொருளறியாத சொல் அறிவாகாது. சுவாமி விபுலாநந்தர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விற் தேறியவர். அவரே கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றவர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. தமிழும் தொழினுட்பமும் ஓருள்ளத்தில் ஒருங்கு வாழும் என்பதற்கு எம் மண் தந்த சான்று அவர். அவர் வழியில், ஆடைத்தொழிலுக்குரிய சொற்களை எளிய தமிழில் விளக்கும் கையேடு ஒன்றையாவது ஆக்குதல் தமிழாசிரியர்க்குத் தகுந்த பணியன்றோ? ஆங்கிலத்தை அகற்றுவது அதன் நோக்கமன்று. ஆங்கிலத்துக்கு ஏறும் படிக்கட்டாக அமைவதே நோக்கம்.

எம் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். மண்டபமும் நுழைவாயிலும் அமைத்த உங்கள் கைகள் வண்மையுடையன. அவ்வண்மை சிறிது திசைமாறுக. முதலாவதாக, உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களிற் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஆயத்த வகுப்பொன்றைப் படுவான்கரைப் பிள்ளைகளுக்காக நடத்துக. அதன் வாயில் எம் கல்லூரி மாணவர்க்கு மட்டுமன்றி அயற்பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருத்தல் வேண்டும். இரண்டாவதாக, இத்துறையில் டிப்ளோமா கற்கச் செல்லும் ஓரிருவருக்கேனும் ஆண்டுதோறும் தங்குமிடச் செலவை ஏற்றுக்கொள்ளுக. மூன்றாவதாக, உங்களுள் ஆடைத்தொழிலில் மேனிலை எய்தியோர், கணக்காளராயினும் எந்திரியாயினும், ஆண்டுக்கொரு முறை பாடசாலைக்கு வந்து தம் தொழிலைப் பற்றி மாணவர்முன் வாய்திறந்து பேசுக. பரிசளிப்பு விழாக்களில் வைத்தியரையும் நீதிபதியையும் மேடையேற்றிய நாம், தொழிற்சாலை முகாமையாளர் ஒருவரையும் மாலையிட்டு ஏற்றினால், ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அக்காட்சி செய்யும்.

உடனாசிரியர்க்கு ஒன்று. ஓர் ஆசிரியன் வகுப்பிலே தனித்து நிற்குமுன் அவனைப் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்புவது முறையென்று கொள்கின்றோம். முப்பது பேரின் உழைப்பையும் உடல்நலத்தையும் ஒருவன் கையில் ஒப்படைக்குமுன் அவனும் பயிற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்பதை ஏன் மறந்தோம்? பாடத் தெரிவுக்கு ஆலோசனை கேட்டு வரும் மாணவரிடம் இத்துறையின் பெயரையும் ஏனையவற்றோடு சமமாகச் சொல்வோமாக.

மாணவர்க்கு இறுதியாகச் சில சொற்கள். எல்லோரும் இத்துறைக்கே செல்லுங்கள் என்று நாம் கூறவில்லை. இலக்கியத்தில் உள்ளம் தோய்ந்தவர் இலக்கியமே கற்க. ஆனால், வேறு வழியறியாமையாற் கலைப்பிரிவுக்கு வந்து, விருப்பமின்றிப் படித்து, பட்டம் பெற்றபின் நியமனம் கேட்டுத் தெருவோரப் பந்தலில் அமரும் நிலை உங்களுக்கு வேண்டாம். இது பெண்பிள்ளைகளின் பாடம் என்று ஆண்பிள்ளைகளும் ஒதுங்கவேண்டா. கணக்கிடுதலும் வகுத்தலும் வணிகம் பேசுதலும் இருபாலார்க்கும் உரியன. கற்றபின் தலைநகரிலேயே தங்கிவிடாது, புணாணைக்கோ புன்னைக்குடாவுக்கோ திரும்புக. உன்னிச்சையிலே பத்து இயந்திரங்களோடு பாடசாலைச் சீருடை தைக்கும் சிறு நிலையம் ஒன்றைத் தொடங்கினாலும் நன்றே. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குத் தான் தைக்கும் சட்டைக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு துணி, என்ன விலை என்பதைக் கற்பியுங்கள். கணக்கை அறிந்தவள் கூலியையும் அறிந்து கேட்பாள்.